27 வருடம் கழித்து மறுபடியும் மேசைப்பந்து: எந்த ரப்பர் ஒட்டலாம்?

பால்மரத்தடி (சுங்கை சிப்புட்):

எல்லாருக்கும் வணக்கம். நான் கடைசியாகப் போட்டியில் ஆடியது 1998ல், என் 19வது வயதில். அடுத்த வருடம் கல்யாணம், பிறகு பிள்ளைகள், செம்பனை ஆலை ஆபீசில் கணக்கு வேலை. மட்டையைத் தொடவே இல்லை. இப்போது கடைசி மகள் படிவம் இரண்டில் இருக்கிறாள், பள்ளிக் குழுவில் சேர்ந்துவிட்டாள். செவ்வாயும் வெள்ளியும் இரவு ஏழரைக்கு எங்கள் தாமான் (குடியிருப்பு) மண்டபத்தில் மேசை போடுவார்கள். அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். மூன்றாவது வாரம் ஒரு சீன அங்கிள் தன் கையிலிருந்த மட்டையை என்னிடம் நீட்டினார். முக்கால் மணி நேரம் ஆடினேன். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை, அத்தனை சந்தோஷம். இனி விடுவதாக இல்லை.

என் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாமல் மட்டையில் ஒட்டும் ரப்பரைச் சொல்ல முடியாது. வலது கை, கை குலுக்குகிற மாதிரி ஷேக்ஹேண்ட் பிடி. மேசையை ஒட்டியே நிற்பேன். முன்கையில் (ஃபோர்ஹேண்ட்) டாப்ஸ்பின், அதாவது பந்தை மேல்நோக்கி உரசிச் சுழலவிடுவது, உயரமாக வந்தால் ஓங்கி ஒரு அடி. பின்கையில் (பேக்ஹேண்ட்) பந்தைக் கீழே வெட்டித் தள்ளும் புஷ், வேகமாக வரும் பந்துக்கு மட்டையைக் காட்டித் தடுக்கும் பிளாக், அவ்வளவுதான்.

நான் தோட்டத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள். கிராணிமார் (தோட்ட எழுத்தர்கள்) கிளப்பில் ஒரு மேசை இருந்தது. தொழிலாளர் பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்க்கலாம், உள்ளே போக முடியாது. நான் ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது புதிதாக வந்த பெரிய கிராணி ஒருவர்தான், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் எங்களையும் உள்ளே விடச் சொன்னார். அப்பா பலகையில் மட்டை அறுத்துக் கொடுத்தார். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் எங்கள் ஆசிரியர் ஐந்து அடுக்கு மட்டை ஒன்றைக் கொடுத்தார். இரண்டு பக்கமும் பட்டர்ஃபிளை கம்பெனியின் ஸ்ரைவர் ரப்பர். மாநிலப் போட்டி வரைக்கும் அந்த மட்டைதான். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் சார் ரப்பரை உரித்து, டின் பசை தடவி மறுபடி ஒட்டுவார். பந்து பட்டால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். போன மாதம் பெரிய ஊரில் ஒரு கடைக்குப் போனேன். நீண்ட இடைவெளி என்று சொல்லியும், ‘இப்போ எல்லாம் ஸ்பீடுதான் அக்கா’ என்று கார்பன் வைத்த மட்டையும் இரண்டு பக்கமும் அடியில் கெட்டி ஸ்பாஞ்ச் அடுக்கு உள்ள ரப்பரும் கட்டிவிட்டார்கள். தடிப்பு மேக்ஸ். நானும் கேள்வி கேட்காமல் வாங்கி வந்தேன். மூன்று வாரமாக ஆடுகிறேன். பிளாக் செய்தால் பந்து மேசையைத் தாண்டிப் பறக்கிறது. புஷ் செய்தால் நெஞ்சு உயரத்துக்கு எழும்பி எதிராளிக்குப் பந்தியில் வைத்த மாதிரி போகிறது. முன்கை மட்டும் பத்துக்கு நாலு விழுகிறது, ஆனால் என்ன செய்து விழுந்தது என்று எனக்கே தெரியவில்லை.

பழைய மட்டை பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருக்கிறது. ரப்பர் கண்ணாடி மாதிரி மினுங்குகிறது, விரலை வைத்து இழுத்தால் வழுக்குகிறது. ஓரத்தில் கிள்ளினால் ஸ்பாஞ்ச் மாவாக உதிர்கிறது.

எனக்குத் தெரிய வேண்டியது: என்னைப் போல் திரும்பி வருகிறவள் எந்த ரப்பர், எந்தத் தடிப்பு போடுவது? அந்த டின் பசை இப்போதும் கிடைக்குமா? இன்னொன்று, பந்தே வேறு மாதிரி இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவது உண்மையா, என் கை மறந்துவிட்டதா?

கங்சார் பின்கை (கோலகங்சார்):

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அது தெளிந்தால் மற்றது தானாகத் தெளியும். உன் கை எதையும் மறக்கவில்லை. பந்து நிஜமாகவே வேறு.

நீ ஆடியது 38 மில்லிமீட்டர், 2.5 கிராம் செல்லுலாய்ட் பந்து. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் முடிந்ததும் அதை 40 மில்லிமீட்டர், 2.7 கிராம் ஆக்கினார்கள். 2014ல் செல்லுலாய்டையே விட்டுவிட்டு பிளாஸ்டிக் பந்துக்குப் போனார்கள். இரண்டு தடவையும் பந்தின் வேகமும் சுழற்சியும் குறைந்தன. நீ பழைய கணக்கில் லேசாக உரசிவிட்டு, பந்து சுழன்று இறங்கும் என்று காத்திருக்கிறாய். அது முன்ன மாதிரி இறங்காது. புஷ் எழும்புவதற்கும் பாதிக் காரணம் இதுதான். பழைய பந்தை நன்றாகக் கீழே வெட்டிவிட்டால் அந்தச் சுழற்சியே எதிராளியைக் கட்டிப்போடும். இப்போது வெட்டு குறைவு, அதனால் உயரத்தை நாம்தான் கவனிக்க வேண்டும்.

2000 பிப்ரவரியில் கோலாலம்பூரில் உலகக் குழுப் போட்டி நடந்தது நினைவிருக்கிறதா? 1999ல் பெல்கிரேடில் நடக்க வேண்டியது, போர் வந்ததால் குழுப் போட்டி மட்டும் நம் நாட்டுக்கு வந்தது. ஆண்கள் இறுதியாட்டத்தில் சுவீடன் 3-2 என்று சீனாவை வென்றது. நான் மாடி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன், சுவீடன் வீரர் வால்ட்னர் பந்தை மட்டையில் ஒரு கணம் வைத்திருந்து அனுப்புவதை அன்றைக்குத்தான் நேரில் கண்டேன். சின்னப் பந்தில் நடந்த கடைசி உலகக் குழுப் போட்டி அது. நீ விட்டுப்போனதும் கிட்டத்தட்ட அதே சமயம். ஒரு காலம் முடிகிற இடத்தில் போய், அடுத்த காலம் நடுவே வந்திருக்கிறாய், அதனால் தடுமாறத்தான் செய்யும்.

ஆட்டமும் மாறிவிட்டது. 21 இல்லை, 2001லிருந்து 11 புள்ளிதான். செர்வ் ஐந்து ஐந்தாகக் கிடையாது, இரண்டு இரண்டு. பந்தைக் கையால், தோளால் மறைத்து செர்வ் போட்டால் 2002லிருந்து தவறு. 16 சென்டிமீட்டராவது மேலே போட்டு, எதிராளி கண்ணில் படும்படி அடிக்க வேண்டும்.

டின் பசையைத் தேடாதே. அதிலிருந்த கரைப்பான் ஸ்பாஞ்சை ஊதவைத்து இழுத்துப் பிடிக்கும், அந்த ‘டக்’ அதனால்தான் வந்தது. அதே ஆவியைத்தான் நாமெல்லாம் அடைத்த அறையில் சுவாசித்தோம். உடம்புக்குக் கேடு என்று 2008 செப்டம்பரில் தடை போட்டார்கள். இப்போது அந்த இழுவையைத் தொழிற்சாலையிலேயே ரப்பருக்குள் வைத்துவிடுகிறார்கள், டென்சர் ரப்பர் என்பது அதுதான். உன் கார்பன் மட்டையில் இருப்பதும் அந்த வகையாகத்தான் இருக்கும்.

ரப்பர் பற்றி ராத்திரி எழுதுகிறேன், பிள்ளைகள் பயிற்சிக்கு வந்துவிட்டார்கள்.

டபுள்விங் (ஈப்போ):

அக்கா, கார்பன் மட்டைய வச்சுக்கோங்க, ரப்பர மட்டும் மாத்துங்க. ஹரிக்கேன் 3 போட்டுப் பாருங்க, விலை குறைவு, ஸ்பின் பயங்கரம். சீன ஆட்டக்காரங்க அதத்தான் முன்கையில வச்சு ஆடுறாங்க. பந்து பறக்குதுன்னு சொல்றீங்கல்ல, அது பறக்காது, மெதுவான ரப்பர். பின்கைக்கு டெனர்ஜி 05.

பேனாபிடி (பகாவ்):

தம்பி சொல்வதில் ஒன்று உண்மை, ஹரிக்கேன் 3 பசை மாதிரி பந்தைப் பிடிக்கும். ஆனால் அக்காவுக்கு அதைச் சொல்லாதே. அதன் ஸ்பாஞ்ச் கெட்டி. முழு வீச்சில், காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி அடித்தால்தான் அது வேலை செய்யும். மேசையை ஒட்டி நின்று பிளாக் செய்கிறவருக்குப் பலகையில் அடிப்பது போலத்தான் இருக்கும். போதாததற்கு, அதன் மேல்தோல் எதிராளி அனுப்பும் சுழற்சி எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். மட்டைக் கோணம் கொஞ்சம் தப்பினாலும் பந்து எங்கேயோ போகும்.

நானும் 18 வருடம் விட்டுவிட்டுத் திரும்பினவன். வந்ததும் டெனர்ஜி 05 தான் ஒட்டினேன், நல்ல ரப்பர் என்று எல்லாரும் சொன்னார்கள். நல்ல ரப்பர்தான், சந்தேகமே இல்லை. ஆனால் பந்து பறக்கக் கூடாது என்று ஒவ்வொரு அடியையும் பாதியில் நிறுத்த ஆரம்பித்தேன். ஆறே வாரத்தில் முழங்கையில் வலி வந்தது. கோப்பி கப்பைத் தூக்க முடியவில்லை. வீச்சை நடுவில் பிடித்து நிறுத்துகிறோமே, அந்தப் பாரம் முழுக்க முழங்கையில்தான் விழுகிறது. மூன்று மாதம் உட்கார்ந்துவிட்டேன். பிறகு மெதுவான மட்டையும் 1.8 மில்லிமீட்டர் தடிப்பு ரப்பரும் போட்டதும் கை தானாக முழு வீச்சுக்குப் போனது, வலியும் குறைந்தது. இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் அக்கா. வேகமான மட்டை பந்தை மட்டும் கெடுக்கவில்லை, கையையும் கெடுக்கிறது.

கங்சார் பின்கை:

பேனாபிடி சொன்னது முழுக்கச் சரி. தங்கச்சி, நீ ரப்பரைக் கேட்டாய், நான் மட்டையில் இருந்து தொடங்குகிறேன். ரப்பர்தான் சாகும், மரம் சாகாது. அந்த பிஸ்கட் டின் மட்டையை எடு. பழைய ரப்பரை மரநார் ஓடுகிற திசையில், சாய்வாக, மெதுவாக உரி. நேராகப் பிய்த்தால் மரச் சிலும்பு கூடவே வரும். உரித்த பிறகு பலகை நடுவே விரல் முட்டியால் தட்டிக் கேள். ஒரே சுத்தமான ஒலி வந்தால் அடுக்குகள் நன்றாக இருக்கின்றன. சடசடவென்று ஏதாவது அதிர்ந்தால் உள்ளே பிரிந்துவிட்டது, அப்போது விட்டுவிடு, வேகமும் அடக்கமும் சமமாக உள்ள புது ஆல்ரவுண்ட் மட்டை வாங்கலாம். ஸ்டிகா ஆல்ரவுண்ட் கிளாசிக் போல ஐந்து அடுக்கு முழு மரம் போதும்.

ரப்பருக்கு என் முதல் வாக்கு யசாக்கா மார்க் ஃபைவ். 1969ல் வந்தது, இன்றைக்கும் கடையில் இருக்கிறது. உன் ஸ்ரைவர் 1967. இரண்டும் ஒரே காலத்துப் பிறப்பு, கையில் ஏறக்குறைய ஒரே பேச்சுப் பேசும். முன்கைக்கு 2.0, பின்கைக்கு 1.8. ஸ்பாஞ்ச் தடித்தால் வேகம் கூடும், மெலிந்தால் பந்து அடங்கும், பிளாக் செய்யும் பக்கம் மெலிந்திருப்பது உனக்கு நல்லது. டெனர்ஜி ஒரு பக்கம் வாங்கும் காசுக்கு மார்க் ஃபைவ் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒட்டிவிடலாம்.

முன்கையில் கொஞ்சம் புதுக் காலத்து இழுவை வேண்டும் என்றால் எக்ஸியோம் வேகா யூரோப் பார். டென்சர்தான், ஆனால் ஸ்பாஞ்ச் மெத்து, அதனால் தப்பான அடியையும் மன்னிக்கும். அதை இரண்டாவது ஜோடியாக வைத்துக்கொள். இப்போதைக்கு இரண்டு பக்கமும் ஒரே ரப்பர் இருக்கட்டும். முதல் ஆறு மாதம் கைக்கு ஒரே பதில் கிடைக்க வேண்டும்.

வாங்கும்போது கைப்பிடிப் பக்கத்து ஓரத்தில் அனைத்துலக மேசைப்பந்துச் சம்மேளனத்தின் முத்திரையும் எண்ணும் அச்சாகியிருக்கிறதா பார். இணையத்தில் போலி நிறைய விற்கிறார்கள். ஒரு பக்கம் கறுப்பு இருந்தே ஆக வேண்டும். மறுபக்கம் சிவப்புதான் என்ற கட்டாயம் 2021 அக்டோபரோடு போய்விட்டது. இளஞ்சிவப்பு, ஊதா, பச்சை, நீலமும் இப்போது செல்லும்.

பால்மரத்தடி:

உரித்துவிட்டேன் அண்ணே. கறுப்புப் பக்கம் முழுசாக வந்தது, சிவப்புப் பக்கம் துண்டு துண்டாக. ஒரு மூலையில் மட்டும் அரை விரல் நீளத்துக்குச் சிலும்பு எழுந்தது, மரப்பசை வைத்து அமுக்கிக் காயவைத்தேன். தட்டினால் ஒரே ஒலிதான். சத்தியமாகக் கண் கலங்கிவிட்டது. கைப்பிடிக்குப் பக்கத்தில், ரப்பருக்கு அடியில், பென்சிலில் தேதி எழுதியிருக்கிறது: 14.3.1996. சார் கையெழுத்து.

மார்க் ஃபைவ் ஈப்போவில் வாங்கினேன், 2.0 சிவப்பு, 1.8 கறுப்பு. முத்திரை பார்த்தேன். தண்ணிப் பசை ஒரு பாட்டில் கொடுத்தார்கள். எப்படி ஒட்டுவது? சார் பசையை டின்னிலிருந்து பிரஷால் தடவினது மட்டும்தான் ஞாபகம்.

கங்சார் பின்கை:

அவசரப்படாமல் செய்தால் எளிது. பாட்டிலை மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்கு, நுரை வரக் கூடாது. ரப்பரின் ஸ்பாஞ்ச் பக்கத்தில் கொஞ்சம் ஊற்றி, சின்னப் பஞ்சுத் துண்டால் ஒரே திசையில் மெல்லிசாகப் பரப்பு. மரத்திலும் அப்படியே ஒரு பூச்சு. ஸ்பாஞ்ச் முதல் பூச்சைக் குடித்துவிடும், அது காய்ந்ததும் இன்னொன்று கொடு. வெள்ளையாக இருப்பது முழுக்கக் கண்ணாடி போல ஆகும்வரை ஒட்டாதே. நம் ஈரக் காற்றில் அரை மணி நேரத்துக்கு மேல்கூட ஆகலாம், காற்றாடிக்குக் கீழே வை. ஓரிடத்தில் வெள்ளை தெரிந்தாலும் பொறு. பிறகு கைப்பிடிப் பக்கம் நேராகப் பொருத்தி, அங்கிருந்து மேலே கண்ணாடி பாட்டிலை உருட்டிக்கொண்டே படியவிடு. ரப்பரை இழுக்காதே. கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு ராத்திரி வைத்துவிட்டு, காலையில் கூரான கத்தரிக்கோலால் மட்டை ஓரத்தைத் தொட்டபடி நீளமாக வெட்டு.

பேனாபிடி:

ஒன்று சேர்க்கிறேன். நம் மண்டபங்களில் ஆடும்போது காற்றாடியை நிறுத்திவிடுவார்கள், ஒன்பது மணிக்கெல்லாம் ரப்பர் மேல் ஈரம் படிந்துவிடும். பந்து வழுக்கினால் ரப்பர் மேல் சந்தேகப்படாமல் முதலில் சுத்தமான துணியால் துடையுங்கள். வீட்டுக்கு வந்ததும் கொஞ்சம் தண்ணீர் தொட்டுத் துடைத்து, காயவிட்டு, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி வையுங்கள். காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள், வெயிலில் ரப்பர் சீக்கிரம் செத்துவிடும்.

பால்மரத்தடி:

மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ராத்திரி பத்து மணிக்குச் சாப்பாட்டு மேசையில் தாள் விரித்து பாட்டிலைத் திறந்தேன். அமோனியா வாடை குப்பென்று வந்தது. அம்மா உள்ளறையில் படுத்திருந்தவர், 78 வயது, எழுந்து வந்து, ‘என்னடி, ஸ்டோர் வாடை அடிக்குது?’ என்றார். தோட்டத்தில் பால் நிறுக்கும் ஸ்டோரில் பால் கட்டிப்போகாமல் இருக்க அமோனியா ஊற்றுவார்களே, அதே வாடை. பாட்டிலின் பின்னால் பார்த்தேன், இயற்கை லேட்டக்ஸ் என்று போட்டிருந்தது. பாலேதான். அண்ணே, உங்கள் ஊரில் 1877ல் நட்ட ரப்பர் மரம் இன்னும் நிற்கிறதே, பள்ளியில் கூட்டிப்போய்க் காட்டினார்கள். அந்த மரமும் அம்மா வெட்டின மரமும் இந்த மட்டையும் ஒரே மேசையில் வந்து சேர்ந்த மாதிரி இருந்தது எனக்கு.

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வெள்ளை எங்கெங்கே மிச்சமிருக்கிறது என்று அவர்தான் விரலைக் காட்டிச் சொன்னார், என் கண்ணாடிக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்தது. காலையில் ரப்பரை வெட்டினபோது மரத்தின் ஓரம் முழுக்கப் பசை காய்ந்து ஒட்டியிருந்தது. நான் கத்தியை எடுத்தேன். அம்மா மட்டையை வாங்கி, கட்டைவிரல் சதையால் ஒரு ஓரத்தைத் தேய்த்து உருட்டினார். அது நூலாகத் திரண்டு, பிறகு சின்ன உருண்டையாகி, மரத்தில் ஒரு கீறலும் இல்லாமல் கழன்று வந்தது. வேலை விட்டு வந்ததும் முழங்கையில் காய்ந்திருக்கும் பாலை இப்படித்தான் உருட்டி உருட்டி எடுப்பார், வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு. மட்டை முழுவதும் அவரே சுத்தம் செய்து கொடுத்தார்.

ஆட்டம்: முதல் நாள் எல்லாம் வலையில் விழுந்தது, கார்பனுக்குப் பயந்து பாதியில் நிறுத்தப் பழகிய கை. இரண்டாவது வெள்ளிக்கிழமை, பேனாபிடி அண்ணன் சொன்ன மாதிரி, முழுதாக வீசினேன். விழ ஆரம்பித்தது. பிளாக் இப்போது மேசையில் நிற்கிறது. ‘டக்’ சத்தம் இல்லை, ஆனால் பந்து ரப்பருக்குள் ஒரு கணம் உட்கார்ந்து போவது கைக்குத் தெரிகிறது, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. சீன அங்கிளோடு நேற்று 8-11, 11-9, 6-11, 9-11. ஒரு செட் எடுத்துவிட்டேன். செர்வ்தான் இன்னும் பழையபடி தோள் மறைக்கிறது, மகள் ஒவ்வொரு தடவையும் நிறுத்திச் சொல்கிறாள். அவளுக்கு இளஞ்சிவப்பு ரப்பர் வேண்டுமாம், நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டாள்.

கார்பன் மட்டையை என்ன செய்வது? புஷ் இன்னும் கொஞ்சம் எழும்புகிறது. மிச்சப் பசை முக்கால் பாட்டில் இருக்கிறது, அடுத்த ரப்பர் வரைக்கும் தாங்குமா?

கங்சார் பின்கை:

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். கார்பனை விற்றுவிடாதே, இரண்டு வருடம் கழித்து மகளுக்கு ஆகும். அந்தக் காசுக்கு இப்போது யாரும் வாங்கமாட்டார்கள். புஷ்ஷுக்கு, பந்து எழும்பும்போதே தொடு, உச்சிக்கு வரும்வரை காத்திராதே. மணிக்கட்டை வெட்டாமல் முன்னங்கையை முன்னால் நீட்டு. ஒரு வாரம் இதை மட்டும் செய்.

பசை தாங்கும். வாயைத் துடைத்து, இறுக்கி மூடி, நிழலில் வை. குளிர்பெட்டியில் வைக்காதே. மூடி சரியாக இல்லையென்றால் என்ன ஆகும் என்று அம்மாவைக் கேள், கட்டிப்பால்தான்.